அந்தரங்கத்தின் வரலாறு – 11: இருபதாம் பிரிவு

சென்ற பகுதியில் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கதையைப் பார்த்தோம். ஓய்வூதியக் கணக்கு வைப்பதற்காக 1936-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய ஒன்பது இலக்க எண், வங்கிக்காரர் முதல் வீட்டு உரிமையாளர் வரை எல்லோரும் கேட்கும் அடையாளமாக வளர்ந்தது. அந்த எண் களவு போனால் பெரும் அலைச்சலுக்குப் பிறகேனும் வேறு எண் வாங்கலாம். கைரேகை களவு போனால் வேறு விரல் வாங்க முடியாது. 2008-இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் தான் இயற்றிய ஒரு சட்டத்தின் முகப்பிலேயே இந்த வேறுபாட்டைக் காரணமாக எழுதி வைத்தது. பயோமெட்ரிக் தகவல் தனியுரிமைச் சட்டம் என்பது அதன் பெயர். வழக்கறிஞர்கள் சுருக்கமாக 'பிப்பா' என்பார்கள். தனியார் நிறுவனங்கள் மனித உடலின் அளவுகளைச் சேகரிப்பதற்கு வேலி போட முயன்ற மாநிலச் சட்டங்களுள், பெரிய நிறுவனங்களை முதலில் பணிய வைத்தது இதுதான். அதன் விதிகள் மற்றச் சட்டங்களின் விதிகளைவிட அப்படியொன்றும் கடுமையானவை அல்ல. விதி மீறப்பட்டால் யார் நீதிமன்றப் படி ஏறலாம் என்ற கேள்விக்கு அதன் இருபதாம் பிரிவு சொன்ன விடைதான் அதற்கு வலிமை தந்தது. இந்தப் பகுதியில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

கைரேகை நெடுங்காலம் காவல் நிலையத்தோடு சேர்ந்தே நினைக்கப்பட்ட ஒன்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மளிகைக் கடைக் கல்லாவுக்குக் கொண்டுவந்த நிறுவனங்களில் முதன்மையானது சான் ஃபிரான்சிஸ்கோவின் 'பே பை டச்'. வாடிக்கையாளர் ஒருமுறை தம் விரலையும் வங்கிக் கணக்கையும் பதிந்துகொண்டால் போதும். அட்டையோ பணப்பையோ இல்லாமல், கருவியில் விரலை வைத்துவிட்டுப் பொருளை எடுத்துப் போகலாம். மளிகைக் கடை, பெட்ரோல் பங்க், பள்ளி உணவுக்கூடம் என்று இத்தகைய விரல்பதிவு முறைகளுக்குச் சிகாகோ நகரம் சோதனைக் களமானது. 2007-இன் இறுதியில் பே பை டச் திவாலானது. அடுத்த மார்ச்சில் சேவையும் நின்றது. திவாலான நிறுவனத்தின் சொத்துகளை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவது வழக்கம். வாடிக்கையாளர்களின் கைரேகைத் தொகுப்பும் அந்தச் சொத்துகளில் ஒன்றா? அதை வாங்குபவர் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா? விடை சொல்ல அன்று இல்லினாயில் ஒரு சட்டமும் இல்லை. மாநிலச் செனட்டர் டெரி லிங்க் 2008 பிப்ரவரியில் மசோதாவைக் கொண்டுவந்தார். குடிமை உரிமைகள் அமைப்பான ஏசிஎல்யுவின் இல்லினாய்க் கிளை அதற்குத் துணை நின்றது. கீழவையில் மசோதாவை முன்மொழிந்த கேத்லீன் ரிக், பே பை டச் வாடிக்கையாளர்கள் தங்கள் கைரேகை என்ன ஆகுமோ என்று தவித்து நிற்பதையே காரணமாகச் சுட்டினார். இரு அவைகளிலும் எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட விழவில்லை. 2008 அக்டோபர் 3-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று அதை யாரும் பெரிய செய்தியாகக் கருதவில்லை.

சட்டம் சில பக்கங்களில் அடங்கிவிடும். கைரேகை, குரல்பதிவின் தனித்தன்மை, விழித்திரை அல்லது கருவிழிப் பதிவு, கை அல்லது முகத்தின் வடிவ அளவு ஆகியவை அதன் வரம்புக்குள் வருகின்றன. வெறும் புகைப்படமும் கையெழுத்தும் வரம்புக்கு வெளியே. இவற்றைச் சேகரிக்கும் நிறுவனம் என்ன சேகரிக்கிறது, எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். எப்போது அழிப்போம் என்ற கொள்கையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நோக்கம் நிறைவேறியதும், அல்லது அந்த நபருடனான கடைசித் தொடர்புக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்குள், எது முந்துகிறதோ அப்போது அழித்துவிட வேண்டும். விற்கவும் குத்தகைக்கு விடவும் அதிலிருந்து இலாபம் பார்க்கவும் கூடாது. இவ்வளவும் பதினைந்தாம் பிரிவு. இருபதாம் பிரிவு இன்னும் சிறியது: இந்த விதிகள் மீறப்பட்டதால் உரிமை பாதிக்கப்பட்ட எவரும் தாமே வழக்குத் தொடரலாம், கவனக்குறைவால் நேர்ந்த மீறலுக்கு 1,000 டாலர், வேண்டுமென்றோ பொறுப்பின்றியோ செய்த மீறலுக்கு 5,000 டாலர், மேலே வழக்கறிஞர் கட்டணம். தனக்கு இன்ன இழப்பு என்று கணக்குக் காட்ட முடியாதவருக்கும் ஒரு தொகையைச் சட்டமே குறித்து வைத்திருந்தது. இதுதான் அந்தப் பிரிவின் சிறப்பு.

இந்த ஒரு பிரிவு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. டெக்சாஸ் சட்டமே சான்று. 2009-இல் இன்றைய வடிவம் பெற்ற அந்தச் சட்டமும் முன்கூட்டித் தெரிவிக்கச் சொல்கிறது, ஒப்புதல் கேட்கச் சொல்கிறது, விற்பனையைத் தடுக்கிறது, அழிக்கக் காலக்கெடு வைக்கிறது. தண்டத் தொகை இல்லினாயைவிடப் பல மடங்கு அதிகம்: மீறல் ஒன்றுக்கு 25,000 டாலர் வரை. ஆனால் வழக்குத் தொடரும் அதிகாரம் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஒருவருக்கே உண்டு. விளைவு, 2022 பிப்ரவரி வரை அந்தச் சட்டத்தின்கீழ் ஒரு வழக்கும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. 2017-இல் வாஷிங்டன் மாநிலமும், 2024-இல் கொலராடோவும் பயோமெட்ரிக் விதிகளை இயற்றியபோது இல்லினாயின் விதிகளை ஒத்த விதிகளை எழுதிவிட்டு, தனிமனிதர் வழக்காடும் உரிமையை மட்டும் விட்டுவிட்டன. ஒரு சட்டத்தின் எந்த உறுப்பு உண்மையில் கடிக்கும் என்பதை அதைப் பின்பற்ற வந்தவர்கள் எதைத் தவிர்த்தார்கள் என்பதிலிருந்தே அறியலாம்.

இல்லினாய்ச் சட்டமும் முதல் ஏழு ஆண்டுகள் தூங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதை எழுப்பியது ஃபேஸ்புக். பயனர் ஏற்றும் படங்களில் உள்ள முகங்களை அளந்து, 'இவர் உங்கள் நண்பர் இன்னார்தானே' என்று பெயரை முன்மொழியும் வசதியை அந்நிறுவனம் 2010-11 காலத்தில் அறிமுகம் செய்தது. எழுத்தில் ஒப்புதல் யாரிடமும் வாங்கவில்லை. 2015-இல் இல்லினாய்ப் பயனர்கள் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் நடந்தது சுவையான திருப்பம். சட்டத்தைக் கொண்டுவந்த அதே டெரி லிங்க், புகைப்படங்களிலிருந்து எடுக்கப்படும் முக அளவுகளுக்கு விலக்குத் தரும் திருத்தம் ஒன்றை, அவைக்கூட்டம் முடியப்போகும் நாள்களில் வேறொரு மசோதாவோடு ஒட்டவைத்தார். அது நிறைவேறியிருந்தால் ஃபேஸ்புக் வழக்கின் உயிர்நாடியே அறுந்திருக்கும். தனியுரிமை அமைப்புகள் எதிர்த்துக் குரல் எழுப்பியதும் திருத்தம் கிடப்பில் போடப்பட்டது. எதிர்ப்பு வாக்கே இல்லாமல் நிறைவேறிய சட்டத்துக்கு எட்டே ஆண்டுகளில் எதிரிகள் முளைத்துவிட்டார்கள். யாரும் வழக்குத் தொடராத வரை அதற்கு எதிரிகள் இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் எழுந்த முதல் பெரும் கேள்வி, இழப்பு எதையும் காட்டாதவர் வழக்காடலாமா என்பது. சிகாகோவுக்கு வடக்கே கர்னியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனத்தின் கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. 2014-இல் பள்ளிச் சுற்றுலா சென்ற 14 வயதுச் சிறுவனுக்குப் பருவச்சீட்டு வழங்க அங்கே அவன் கட்டைவிரல் ரேகையைப் பதிந்தார்கள். அவனிடமோ தாயிடமோ எழுத்தில் எதுவும் தெரிவிக்கவில்லை என்பது புகார். தாய் தொடுத்த வழக்கில் நிறுவனத்தின் வாதம் எளிமையானது: ரேகை களவு போகவில்லை, பணம் இழக்கவில்லை, பிறகு என்ன பாதிப்பு? மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. 2019 ஜனவரி 25-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைப் புரட்டியது. தன் உடல் அடையாளத்தைக் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் உரிமையையே இந்தச் சட்டம் தருகிறது. கேட்காமல் எடுத்த கணமே அந்த உரிமை பறிபோய்விடுகிறது. அதற்கு மேல் இழப்பைக் காட்டச் சொன்னால், சரிசெய்யவே முடியாத கேடு வரும்வரை காத்திருக்கச் சொல்வதாகும் என்பது தீர்ப்பின் சாரம். விதிகளைப் பின்பற்ற நிறுவனத்துக்கு ஆகும் செலவு, பின்பற்றாததால் வரக்கூடிய கேட்டின் முன் மிகச் சிறியது என்றும் தலைமை நீதிபதி லாய்டு கார்மையர் எழுதினார்.

இந்தத் தீர்ப்புக்குப் பின் அணை உடைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஃபேஸ்புக் வழக்கு செல்லும் என்றது. நிறுவனம் 55 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. அந்தத் தொகை போதாது என்று நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ ஐயம் எழுப்ப, 65 கோடியாக உயர்ந்தது. ஏறக்குறைய 16 லட்சம் பேர் உரிமை கோரினார்கள். 2022-இல் ஆளுக்குச் சுமார் 397 டாலர் கைக்கு வந்தது. 2021 நவம்பரில் ஃபேஸ்புக் முக அடையாள வசதியையே கைவிட்டு, உலகெங்கும் சேர்த்து வைத்திருந்த நூறு கோடிக்கு மேற்பட்ட முகப்பதிவுகளை அழிப்பதாக அறிவித்தது. அந்த முடிவுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். இல்லினாய் வழக்குக்கு அதில் பங்கில்லை என்று சொல்வது கடினம். டிக்டாக் 9.2 கோடியும், புகைப்படச் சேவைக்காக கூகுள் 10 கோடியும் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. இணையத்திலிருந்து கோடிக்கணக்கான முகங்களை அள்ளித் தொகுத்த கிளியர்வியூ ஏஐ நிறுவனத்தின் மீது ஏசிஎல்யு சிகாகோவில் தொடுத்த வழக்கு 2022 மே மாதம் முடிந்தபோது, அந்தத் தொகுப்பைத் தனியார் நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் விற்க முடியாத தடை நாடு முழுமைக்கும் விழுந்தது. ஒரு மாநிலத்தின் சட்டம் அந்த மாநிலத்தின் எல்லையைத் தாண்டி வேலை செய்தது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். அடிக்கடி கேட்பது, இது வழக்கறிஞர்களுக்கான அறுவடை என்பது. ஃபேஸ்புக் வழக்கில் மட்டும் வழக்கறிஞர்களுக்குப் போனது 9.75 கோடி டாலர்; பயனருக்கு 397. இந்த முரண் கண்ணை உறுத்துவது இயல்பே. ஆனால் 1,000 டாலர் கோரும் தனிமனிதரின் வழக்கை ஃபேஸ்புக்கின் வழக்கறிஞர் படைக்கு எதிராக எடுத்து நடத்த எவர் முன்வருவார்? பல லட்சம் பேரின் சிறு கோரிக்கைகளை ஒன்றாகக் கட்டும்போதுதான் வழக்கு நடத்துவது கட்டுப்படியாகிறது. தோற்றால் ஒரு காசும் கிடைக்காது என்ற நிலையில் ஐந்து ஆண்டுகள் நடத்தியவருக்கான கூலி அது; அரசு கஜானாவிலிருந்து ஒரு டாலரும் செலவாகவில்லை. 'யாருக்கும் இழப்பில்லையே' என்ற வாதமும் இதன் இன்னொரு முகம்தான். பிறர் நிலத்தில் வேலி தாண்டிப் புகுந்தவர் பயிரை மிதிக்கவில்லை என்பதால் புகுந்தது சரியாகிவிடாது. அதிலும் கைரேகையின் கேடு எடுத்த அன்றே தெரிவதில்லை. 2015-இல் அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகக் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் 56 லட்சம் பேரின் கைரேகையை அள்ளிப் போனார்கள். அவை எங்கே, எப்போது, எவர் கையில் பயன்படும் என்று அந்த 56 லட்சம் பேரில் ஒருவராலும் நிறுவ முடியாது. இழப்பை நிறுவினால்தான் வழக்கு என்ற விதி, இந்த வகைக் கேட்டைப் பொறுத்தவரை, வழக்கே கூடாது என்பதன் மறுபெயர்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது: தண்டம் குற்றத்துக்குப் பொருந்தவில்லை, நிறுவனங்கள் அழிந்துபோகும். 2022 அக்டோபரில் இந்தச் சட்டத்தின்கீழ் முதல்முறையாக நடுவர் குழுவின் முன் நடந்த விசாரணையில், சரக்கு முனைய வாயில்களில் லாரி ஓட்டுநர்களின் கைரேகையைப் பதிந்த பிஎன்எஸ்எஃப் ரயில் நிறுவனம் பொறுப்பின்றி 45,600 முறை சட்டத்தை மீறியதாகக் குழு கண்டது. ஐயாயிரத்தால் பெருக்கினால் 22.8 கோடி டாலர். கருவிகளை இயக்கியது ஒப்பந்ததாரர்தான் என்று சொல்லித் தப்ப நிறுவனம் முயன்றது செல்லவில்லை. நீதிபதி பிறகு இழப்பீட்டுத் தொகையை நீக்கி மறுவிசாரணைக்கு விட, 7.5 கோடியில் சமரசம் ஆனது. 2023 பிப்ரவரியில் ஒயிட் காசில் உணவக வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில், ஊழியர் விரல் வைக்கும் ஒவ்வொரு முறையும் தனித்தனி மீறல் என்றது. நாள்தோறும் பலமுறை விரல் வைத்த 9,500 ஊழியர்களுக்கு அந்தக் கணக்குப்படி 1,700 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று நிறுவனம் கதறியது. இங்கே எதிர்வாதம் சரி என்றே நான் கருதுகிறேன். ஒரே நிறுவனம் ஒரே ஊழியரின் ஒரே விரலை ஆயிரம் முறை பதிவதால் அவருக்கு ஆயிரம் மடங்கு கேடு விளைந்துவிடாது. எனினும் பெரும்பான்மை நீதிபதிகளே இழப்பீடு வழங்குவது நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டது என்றும், தொகையைப் பற்றிச் சட்டமன்றம் தன் நோக்கத்தைத் தெளிவாக்கட்டும் என்றும் எழுதியிருந்தார்கள். சட்டமன்றம் அதைச் செய்தது. 2024 ஆகஸ்ட் 2-இல் ஆளுநர் ஜே.பி. பிரிட்ஸ்கர் கையொப்பமிட்ட திருத்தப்படி, ஒரே முறையில் ஒருவரிடம் எத்தனை தடவை எடுத்தாலும் அவருக்கு ஒரே இழப்பீடுதான். ஒயிட் காசில் வழக்கு ஏறத்தாழ 94 லட்சம் டாலரில், ஆளுக்கு ஆயிரம் என்ற அளவில், முடிந்தது. நோய் தொகையைக் கணக்கிடும் முறையில் இருந்தது. மருந்தும் அங்கேயே இடப்பட்டது. வழக்காடும் உரிமையை வெட்ட வேண்டிய தேவை எழவே இல்லை.

மூன்றாவது எதிர்வாதத்துக்கு டெக்சாஸே துணைக்கு வருகிறது. தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன் தொடுத்த வழக்கில் 2024 ஜூலையில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 140 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இல்லினாயில் கொடுத்ததைப் போல இரு மடங்குக்கு மேல். அப்படியானால் ஒரு திறமையான அரசு வழக்கறிஞர் போதாதா? காலத்தைப் பாருங்கள். அந்த வழக்கு 2022-இல் தொடுக்கப்பட்டது. முக அளவு எடுப்பது சட்டமீறல் என்று வழக்காட முடியும் என்பதை இல்லினாய்ப் பயனர்கள் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே காட்டி, வென்று, நிறுவனம் அந்த வசதியை மூடிய பிறகு வந்த வழக்கு அது. தொகை மாநிலத்துக்குப் போனது. முகத்தைக் கொடுத்தவர் கைக்கு வரவில்லை. இதைவிட முக்கியம் இன்னொன்று. இல்லினாய் வழக்குகளில் மிகுதியானவை ஃபேஸ்புக் போன்றவற்றின் மீது வந்தவை அல்ல. முதியோர் இல்லம், உணவகம், கிடங்கு, ஆலை ஆகியவற்றின் வருகைப்பதிவுக் கருவிகளின் மீது ஊழியர்கள் தொடுத்தவை. வாக்கு வாங்கிப் பதவிக்கு வரும் தலைமை வழக்கறிஞருக்கு ஓர் உலகப் பெருநிறுவனத்தை எதிர்ப்பதில் புகழ் உண்டு. ஒரு முதியோர் இல்லத்தின் கடிகாரத்தில் விரல் வைக்கும் செவிலிக்காக அவர் வரமாட்டார். அந்தச் செவிலியே வரலாம் என்பதுதான் இருபதாம் பிரிவு.

கடைசியாக இரு குறைகள் சொல்லப்படுகின்றன. புதுமைகள் இல்லினாய்க்கு வராமல் போகின்றன என்பது ஒன்று. 2018-இல் முகத்தை ஓவியங்களோடு ஒப்பிட்டுக் காட்டும் கூகுளின் விளையாட்டு வசதி அங்கே கிடைக்கவில்லை. சோனியின் 'ஐபோ' இயந்திர நாய் அங்கே விற்கப்படவில்லை. சட்டம் இவற்றைத் தடை செய்யவில்லை. ஓர் எழுத்து ஒப்புதல்தான் கேட்டது. அதைப் பெறுவதைவிடச் சந்தையை விடுவது மேல் என்று நிறுவனம் முடிவெடுத்தால், அது அந்த நிறுவனத்தின் தேர்வு. இன்னொரு குறை உண்மையானது: ஊழியரின் ஒப்புதல் பல நேரம் பெயரளவே. கையெழுத்தை வேலைக்கு நிபந்தனையாக்கவே சட்டம் இடம் தருகிறது. அரசுத் துறைகளும், கூட்டாட்சி நிதிச் சட்டத்துக்கு உட்பட்ட வங்கிகளும் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. ஒப்புதல் என்ற தூணின் மீது மட்டும் இந்தச் சட்டம் நின்றிருந்தால் அது எப்போதோ சாய்ந்திருக்கும். விற்கக் கூடாது, குறித்த காலத்தில் அழிக்க வேண்டும் என்ற விதிகளை ஊழியர் எந்தத் தாளில் கையெழுத்திட்டாலும் தளர்த்த முடியாது. அவற்றை மீறும் முதலாளியை நீதிமன்றத்துக்கு இழுக்க ஊழியருக்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

2020-இல் செனட்டர்கள் ஜெஃப் மெர்க்லியும் பெர்னி சாண்டர்ஸும் இதே மாதிரியில் நாடு முழுமைக்குமான மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அது நிறைவேறவில்லை. 2023-இல் வாஷிங்டன் மாநிலம் உடல்நலத் தகவல் சட்டத்தின் வழியாகத் தனிமனிதர் வழக்குக்குச் சிறு கதவு திறந்தது. மற்றபடி, விதிகளை எழுதுவதும் அவற்றைக் காக்கும் பொறுப்பை ஓர் அரசு அலுவலகத்தின் வசதிக்கு விட்டுவிடுவதுமே மாநிலங்களின் போக்காக இருக்கிறது. தனியுரிமைச் சட்டம் ஒன்று உங்கள் முன் வரும்போது அதன் முகவுரையையும் உறுதிமொழிகளையும் பிறகு படித்துக்கொள்ளலாம். உரிமை மீறப்பட்டால் வழக்குத் தொடர்வது யார் என்ற பிரிவை முதலில் தேடிப் படியுங்கள். அங்கே உங்கள் பெயர் இல்லையென்றால், அந்தச் சட்டம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அதைப் பயன்படுத்துவது உங்கள் கையில் இல்லை.

(தொடரும்)